சோப்பு மாமாவின் மேல் விழுந்த நாற்றம்

முப்பத்தொரு வருடம் ஊராரின் குளியலறைகளை மணக்க வைத்த மனிதர் ஒருவர், ஓய்வு பெற்ற எட்டாவது மாதத்தில் நாற்றம் பிடித்தவர் என்ற பட்டத்தோடு தங்கை வீட்டை விட்டு வெளியேறினார். பட்டத்தை யாரும் வாயால் கொடுக்கவில்லை. மரியாதை தெரிந்த குடும்பம் அது. மூக்கால் கொடுத்தார்கள்.

அவரைச் சோப்பு மாமா என்று முதலில் கூப்பிட்டது தங்கையின் மகள். பேச்சு திருந்தாத வயதில் அவள் வைத்த அந்தப் பெயர் தெருவுக்குப் பரவி, அவள் கல்லூரிக்குப் போகும் வயதில் தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீட்டை விசாரிக்கிறார் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதில் மாமாவுக்கு வருத்தமில்லை. பெற்றோர் வைத்த பெயரைவிடப் பொருத்தமாக இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சோப்புத் தொழிற்சாலையின் வாசனைப் பிரிவில் அவருக்கு வேலை. காய்ச்சி இறக்கிய சோப்புக் குழம்பில் அளவு பார்த்து வாசனை எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். காலையில் ரோஜா, மதியம் எலுமிச்சை, ஆர்டர் குவிந்தால் சாயங்காலம் லாவண்டர். மூக்கும் ஒரு தொழிலாளிதானே, ஓய்வே கொடுக்காமல் வேலை வாங்கினால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. மாமாவின் மூக்கு ஒன்பதாவது வருடம் மந்தமாகி, இருபதாவது வருடம் முழுசாகக் கடையை மூடிவிட்டது. அதன் பிறகு ரோஜாவும் ரயில் நிலையக் கழிப்பறையும் அவருக்கு ஒன்றுதான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது? ஒவ்வொரு கலவையையும் ஐந்து பேர் முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. மாமா நான்காவது ஆள். மூக்கு நின்றது தெரிந்தால் வேலையும் நின்றுவிடும் என்பதால், கிண்ணத்தை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, முன்னால் முகர்ந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மேற்பார்வையாளரின் இடது புருவம் ஏறினால் ரோஜா தூக்கல். ஆய்வகத்து அம்மாள் உதட்டைக் குவித்தால் எலுமிச்சை கம்மி. மூன்றாவது ஆள் தும்மினால் அது தனிக்கதை, அவருக்கு எதற்கெடுத்தாலும் தும்மல் வரும், கணக்கில் சேர்க்கக் கூடாது. பதினோரு வருடம் இப்படி ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஓய்வு பெற்ற அன்று நிர்வாகம் அவருக்கு 'சிறந்த மூக்கு' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தது, சட்டம் போட்டு. அடுத்தவர் முகத்தைப் படிப்பதில் இவ்வளவு தேர்ந்தவர் மந்திரி சபைக்குப் போயிருக்க வேண்டும். தங்கை வீட்டுக்குப் போனார்.

கல்யாணம் ஆகாததற்கும் சோப்புதான் காரணம். பார்க்கப் போன முதல் இடத்தில், பெண்ணின் தகப்பனார் இவர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எழுந்து உள்ளே போய், ஆம்பளை மேல் இவ்வளவு ரோஜா வாசனை வந்தால் வேறெங்கேயோ ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டாவது இடத்திலும் ஏறக்குறைய அதே தீர்ப்பு, வாசனை மட்டும் எலுமிச்சை. மூன்றாவது இடத்துக்கு மாமா போகவில்லை. ஆக, இளமையில் மணத்துக்காகவும் முதுமையில் நாற்றத்துக்காகவும் ஒதுக்கப்பட்ட பெருமை அவருக்கு உண்டு.

தொழிற்சாலைக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டி வந்ததும் தங்கை நேரில் வந்து, நான் ஒருத்தி இருக்கும்போது உனக்கு எதற்கு வாடகை அறை என்று சண்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் அறை, அதற்குள் நுழைந்துதான் போக வேண்டிய ஒரு சின்ன சாமான் அறை. சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டு அங்கே மாமாவை இறக்கினார்கள். வசதியான அறைதான். ஒரே குறை, அடுத்த அறையில் இருந்த துவைக்கும் இயந்திரம். கடைசிச் சுற்றில் தண்ணீரைப் பிழியும்போது ஹெலிகாப்டர் இறங்குவதுபோல வீடே அதிரும். மதியம் கண்ணயரும் அண்ணன் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதை இரண்டு நாள் பார்த்த தங்கை, மூன்றாம் நாள் ஆள் வைத்து இயந்திரத்தை மாடி பால்கனிக்கு மாற்றிவிட்டாள். வேண்டாம்மா என்று மாமா தடுத்தார். நீ சும்மா இரு அண்ணா என்றாள்.

இந்த விவகாரத்தில் முதல் தவறு அன்பினால் நடந்தது. மற்றவை எல்லாம் மரியாதையினால் நடந்தன.

இயந்திரம் போன இடத்தில் அதன் கழிவுக் குழாய் மட்டும் மிச்சம் இருந்தது. சுவரிலிருந்து வெளியே வந்து, இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்து, வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பிளாஸ்டிக் குழாய். இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து சாக்கடைக்குப் போகும் எந்தக் குழாயும் ஓரிடத்தில் வளைந்து போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். சாக்கடைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். துணி துவைக்கத் துவைக்க அது புதுப்பிக்கப்படும். துவைப்பதை நிறுத்தினால், கோடையில் சில வாரங்களில் அது வற்றிவிடும். பிறகு சாக்கடை வீட்டுக்குள் வந்து தாராளமாக மூச்சு விடும்.

மாமா வந்தது கோடையின் தொடக்கத்தில். அடுத்த மாதமே குழாய் வற்றியது. அதாவது, மாமா வந்தார், நாற்றமும் வந்தது. இதற்கு மேல் ஒரு குடும்பத்துக்கு என்ன சாட்சி வேண்டும்?

மேல் சாட்சியும் கிடைத்தது. குழாயின் உயரம், திறந்த வாய், சுவரோரம் என்று எல்லாவற்றையும் பார்த்த மாமா, துண்டு காயப்போட இதைவிட நல்ல இடம் இல்லை என்று கண்டுகொண்டார். தினமும் குளித்துவிட்டு ஈரத் துண்டை அதன் வாயின் மேல் விரித்துப் போடுவார். துண்டு மூடியிருக்கும் வரை நாற்றம் அடங்கிக் கிடக்கும், துண்டுக்குள் சேமிப்பாக. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வருவார். குழாயின் வாய் பின்னால் திறந்திருக்கும், குழாயின் சேமிப்பு தோளில் தொங்கும். அவர் உள்ளே வரும்போது அந்த வீட்டில் ஒரு நகராட்சியே உள்ளே வரும்.

தங்கையின் வீட்டுக்காரர், அதாவது மாமாவுக்கு மாப்பிள்ளை, கழிவுநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இதைக் கேட்டு யாரும் நம்பிக்கை கொள்ள வேண்டாம். அவர் இருப்பது புகார்ப் பிரிவில். எங்கள் தெருவில் சாக்கடை பொங்குகிறது என்று மக்கள் எழுதும் கடிதங்களுக்கு, தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு சாக்கடையையும் நேரில் சந்தித்ததில்லை. கடிதப் போக்குவரத்து மட்டும்தான்.

ஆனால் முறை தெரிந்தவர். வீட்டில் நாற்றம் வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நாள், நேரம், நாற்றத்தின் தரம், அப்போது அருகில் இருந்தவர் என்று நான்கு கட்டங்கள் போட்டார். தரம் மூன்று வகை: லேசு, நடுத்தரம், நடவடிக்கைக்கு உரியது. மூன்று வாரம் பதிவு செய்தார். மாமா துண்டைக் காயப்போட்டுவிட்டு வெளியே நடக்கப் போன வேளைகளில் லேசு. மாமா கூடத்தில் பேப்பர் படிக்கும் வேளைகளில் நடவடிக்கைக்கு உரியது. நான்காவது கட்டத்தில் ஒரே சொல் இருபத்தாறு முறை வந்தது. மாப்பிள்ளை முடிவு எதுவும் எழுதவில்லை. நாகரிகம் கருதி அடிக்கோடு மட்டும் போட்டார்.

பின்னர் நடவடிக்கைகள் ஆரம்பமாயின. ஒவ்வொன்றும் மாமாவின் சௌகரியத்துக்காகவே எடுக்கப்பட்டது. அவர் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை ஒரு பெட்டி சோப்பு வாங்கிக் கொடுத்தார், வாழ்நாள் முழுக்கச் சோப்பு செய்தவருக்கு. தங்கையின் மகள் வாசனைத் திரவக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க மாமா, ஃபேஷன் என்றாள். சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலி, காற்று நன்றாக வரும் என்று ஜன்னலோரம் நகர்ந்தது. பிறகு, கால் வலியோடு எதற்கு நடந்து வர வேண்டும் என்று சாப்பாடே அவர் அறைக்கு நகர்ந்தது. அவருக்குக் கால் வலி என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பூனை வருகிறது என்று சொல்லி நடைக் கதவைச் சாத்தி வைத்தார்கள். தெருவில் இருந்த ஒரே பூனை இந்த வீட்டுப் பக்கம் வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

மாமாவுக்கு நாற்றம் தெரியாது. முகம் தெரியும். பதினோரு வருடம் முகங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர் அவர். அவர் கூடத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையின் மூக்கு நுனி உள்ளே இழுக்கும். மகளின் கண் சுருங்கும். தங்கை பேச்சை நடுவில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து, மெல்ல விடுவாள். நடவடிக்கைக்கு உரியது என்று அவரும் தன் பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டார். மூன்று முகங்களும் ஒரே பதிலைச் சொல்லும்போது நான்காவது ஆள் கையெழுத்துப் போடுவதுதானே வழக்கம். போட்டார். நாற்றம் தன்மேல்தான் என்று முடிவு செய்தார்.

ஒரு வேளைக் குளியல் மூன்று வேளை ஆனது. தோல் உரிந்தது. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் அந்தத் துண்டாலேயே துடைத்துக்கொண்டதால், குளிக்கக் குளிக்க விஷயம் முற்றியது. டாக்டரிடம் போனார். டாக்டர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பரிசோதித்து, வயசானா அப்படித்தான் என்றார். என்ன அப்படித்தான் என்று மாமா கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒருநாள், தங்கை சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது, அவர் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, என் மேல ஏதாவது வாடை வருதா? மறைக்காம சொல்லு."

"சீச்சீ. என்ன அண்ணா பேசற நீ. ஒண்ணும் வரலையே."

பதிலைச் சொல்லி முடித்துக் கதவைத் தாண்டும்வரை அவள் மூச்சு விடவில்லை என்பதை மாமா கவனித்தார். அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கு உண்மையான பதில் கிடைத்திருந்தால், வருது அண்ணா, எங்கிருந்து வருதுன்னு பாக்கலாம் வா என்று அவள் சொல்லியிருந்தால், அண்ணனும் தங்கையுமாக மூலை மூலையாகத் தேடி அரைமணி நேரத்தில் குழாய்க்கு வந்து சேர்ந்திருப்பார்கள். ஆனால் நல்ல வளர்ப்பு. பெரியவர்களிடம் அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவளை வளர்த்ததே அந்த அண்ணன்தான்.

மறு வாரம் மாமாவும் தன் பங்குக்கு ஒரு மரியாதையான பொய் சொன்னார். பழைய கூட்டாளி ஒருவர் விடுதியில் தனியாக இருக்கிறாராம், துணைக்குக் கூப்பிடுகிறாராம், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். அப்படி ஒரு கூட்டாளி உலகத்திலேயே இல்லை. தங்கை ஏன் அண்ணா என்றாள். ஒரே ஒரு தரம். அவரைக் கூட்டிவந்த அன்று சண்டை போட்ட வாய் அது, மூன்று தரம் கேட்டிருந்தால் அவர் பெட்டியை இறக்கி வைத்திருப்பார். கேட்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இருபத்திரண்டு வருட அரசுப் பணியில் அவர் இவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து யாரும் பார்த்ததில்லை.

மாமா பெட்டியையும் சான்றிதழையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

விடுதி ஊரின் மறுகோடியில். மூன்றாவது மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. உடன் இருந்தவர் பெயின்ட் அடிப்பவர். எதிர் அறையில் மீன் சந்தையில் கூடை தூக்குபவர், பக்கத்து அறையில் லாரி பட்டறைக்காரர். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது யார் மூக்கும் சுருங்கவில்லை. புது இடத்தில் வாரம் ஒன்று போவதற்குள் துண்டின் வாடையும் துவைத்துப் போய்விட்டிருந்தது. ஆனால் மாமா அதை அப்படிப் படிக்கவில்லை. மீன், பெயின்ட், கிரீஸ் என்று இவர்கள் எல்லோரும் மரத்துப்போன மூக்குக்காரர்கள், நமக்கு ஏற்ற இடம் என்று படித்தார். வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

தங்கை வீட்டில் தூக்கம் போய்விட்டது. குழாயின் வாயை மூடியிருந்த துண்டும் போய்விட்டதால், இருபத்து நான்கு மணி நேரமும் தடையில்லாத சேவை. ஆளே போன பிறகும் நாற்றம் போகவில்லையே என்று அவர்கள் யோசித்திருக்கலாம். யோசித்தார்கள், வேறு திசையில். எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது பார் என்றார்கள். அறையைக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், அவர் படுத்த மெத்தையைத் தூக்கித் தெருவில் போட்டார்கள். ஒரு நாய் அந்த மெத்தையில் நான்கு நாள் சுகமாகப் படுத்துத் தூங்கியது. மோப்பத்துக்குப் பேர்போன பிராணி. அதன் கருத்தை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் நான்காவது கட்டத்தில், அருகில் இருந்தவர் என்ற இடத்தில், 'முன்னாள்' என்று எழுத ஆரம்பித்தார்.

உண்மை தெரிந்தது தற்செயலாக. மாடியில் இயந்திரத்தின் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு பிளம்பரைக் கூப்பிட்டார்கள். தண்ணீரை நிறுத்தும் திருகு பின்பக்கம் இருக்கிறது என்று அவரைத் துவைக்கும் அறை வழியாகக் கூட்டிப்போனார் மாப்பிள்ளை. வாசற்படியிலேயே பிளம்பர் நின்றுவிட்டார்.

"என்ன சார், எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

வெளி ஆளிடம் குடும்ப விஷயத்தை எப்படிச் சொல்வது என்று மாப்பிள்ளை நெளிந்தார். "அது ஒண்ணுமில்லை. எங்க மச்சான் இருந்த ரூம்."

"அடப் பாவமே. எப்ப தவறினாரு?"

"இல்லை இல்லை, நல்லா இருக்கார். லாட்ஜ்ல இருக்கார்."

பிளம்பர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சுவரோரக் குழாயைப் பார்த்தார். குனிந்து அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய், அதே வேகத்தில் திரும்பி வந்தார். இதில் தண்ணீர் விட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டார். இயந்திரம் மாடிக்குப் போனதிலிருந்து விடவில்லை என்று தங்கை சொன்னாள். ஒரு வாளி தண்ணீர் கேட்டார். ஊற்றினார். குழாய் களக் களக் என்று நாலு மிடறு குடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய் ஒழுகலைச் சரிசெய்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது, துவைக்கும் அறையில் சுண்ணாம்பு வாசனை மட்டும் இருந்தது.

தண்ணீர்தான் இதற்கு மூடி, வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும், இல்லையென்றால் மேலே ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிடுங்கள் என்று விளக்கினார். பேச்சுவாக்கில், சார் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேட்டுவைத்தார். மாப்பிள்ளை, ஆபீஸில் என்றார். எந்த ஆபீஸ் என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொல்லவில்லை.

மகள்தான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றவள். "அம்மா, இது மேலதானே மாமா துண்டு போடுவார்" என்றாள். தங்கை அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே அவள் விடுதிக்குப் போனாள். மூன்று மாடிப் படியையும் ஒவ்வொரு மாடியின் பொதுக் கழிப்பறையையும் தாண்டி வந்தவள், அழுகையும் மூச்சிரைப்பும் சேர்ந்து, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டுதான் அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். மாமா அவசரமாக எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். அவள் குழாயைச் சொன்னாள், வளைவைச் சொன்னாள், வற்றிய தண்ணீரைச் சொன்னாள், துண்டைச் சொன்னாள். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். கண்கள் அந்தக் கைக்குட்டையை விட்டு நகரவில்லை.

"ஒரு வாளி தண்ணில போயிடுச்சா? நல்லதும்மா."

"உன் மேல எதுவுமே இல்லை அண்ணா. எல்லாம் அந்தக் குழாய்தான். கிளம்பு, வீட்டுக்குப் போலாம்."

"நம்பறேன்ம்மா. நீ எதுக்கு இவ்வளவு தூரம் அலையற. கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாள் போகட்டும்."

நம்பறேன் என்று அவர் சொன்ன விதம் அவளுக்கு எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. திரும்பும் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. ஒண்ணும் வரலையே என்று அவள் அன்று சொன்னாளே, அதே குரல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே போனது, பிளம்பரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு. மாப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கடிதமும் தயாரித்திருந்தார். தங்கள்மேல் எழுந்த ஐயம் ஆதாரமற்றது எனக் கள ஆய்வில் தெரியவந்துள்ளது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அதில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் வருந்துகிறோம் என்ற சொல்லை அவர் எழுதியது அதுவே முதல் தடவை. முதலில் தவறாக எழுதி அடித்துத் திருத்தியிருந்தார். மாமா கடிதத்தை இரண்டு தரம் படித்தார். கண் கலங்கிவிட்டது.

பிளம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவரே, நான் முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன், குழாய்தான், சந்தேகமே வேண்டாம் என்றார். மாமா எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல், கும்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உங்களையும் அலையவிட்டுவிட்டார்களா என்று வருத்தப்பட்டு, கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். ஒருத்தன் மனசு நோகக் கூடாது என்று ஆள் பிடித்து, எழுதி எடுத்து, பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்களே, இப்படி ஒரு குடும்பம் யாருக்குக் கிடைக்கும் என்று அவர் பெயின்ட்காரரிடம் பிற்பாடு சொன்னதாகக் கேள்வி. சோப்பு, வாசனைக் குப்பி, கால் வலி, பூனை என்று எட்டு மாதம் அன்பாகப் பொய் சொன்னவர்கள், இப்போது குழாயைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முந்தைய பொய்களைவிட இதில் உழைப்பு அதிகம், அவ்வளவுதான்.

சத்தியமா மாமா, சத்தியமா என்று மகள் அழுதாள். அவர் அவள் தலையைத் தொடாமல், அழாதேடா, மாமாவுக்குத் தெரியும் என்றார். மாப்பிள்ளை நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, நீங்கள் போன பிறகும் நாற்றம் இருந்தது, பாருங்கள் மச்சான், பதிவு இருக்கிறது என்று காட்டினார். நான்காவது கட்டத்தில் வரிசையாக 'முன்னாள்', 'முன்னாள்' என்று இருந்ததை மாமா படித்தார். மாப்பிள்ளை மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. எட்டு மாதத்து மரியாதை முழுவதையும் உதறிவிட்டு, அடிவயிற்றிலிருந்து அவள் சொன்னாள்:

"நாத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அண்ணா. எனக்கு நீ வேணும். வீட்டுக்கு வா."

அவள் வாயிலிருந்து எட்டு மாதத்தில் வந்த மிக நல்ல வார்த்தை அதுதான். மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிளம்பர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா மட்டும், வெகு நாளாகக் காத்திருந்த பரிசோதனை முடிவு கைக்கு வந்ததுபோல, நீளமாக ஒரு மூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது.

"இதைத்தாம்மா நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார். "இப்பத்தான் உண்மையைச் சொல்லியிருக்கே."

அவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் போய்ச் சேரும் என்று தெரிந்து மூடிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தம் வரை மாமா கூட வந்தார். மாப்பிள்ளையிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், மகளுக்குப் பரீட்சை எப்போது என்று விசாரித்தார், பிளம்பரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது, நான்கு பேரும் உட்கார்ந்தார்கள், ஐந்தாவது ஆளுக்கும் இடம் இருந்தது. மாமா உட்காரவில்லை. எதிர்க் கடையின் கொடித் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தார். பிறகு காற்று அவர்களைத் தாண்டித் தன்மேல் வருகிற பக்கமாகப் போய், பத்தடி தள்ளி நின்றுகொண்டு, பேருந்து வரும்வரை அங்கிருந்தே சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தார்.